உடல்முடியும் அதனை நீக்கும் முறைகளும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் சிறிது கூச்சம் தரும் பொருள். அதன் பெயரைச் சொன்ன அளவிலேயே வகுப்பறையின் பின்வரிசையில் சிரிப்பொலி எழுவதை ஆசிரியர் எல்லோரும் கேட்டிருக்கிறோம். 'மயிர்' என்னும் சொல்லை எண்ணிப் பாருங்கள். பழைய இலக்கியங்களிலும் மருத்துவ நூல்களிலும் அது மாசற்ற சொல். மயிர்க்கால், மயிரிழை, மயிர்க்கூச்சு என்று இன்றும் தயக்கமின்றி வழங்குகிறோம். ஆயினும் அச்சொல் தனியே நின்றால் அதனை வசைச்சொல்லாக்கி விட்டோம். ஒரு சொல்லுக்கே இத்தனை நாணம் என்றால், அது குறிக்கும் பொருளைப் பற்றி எவ்வளவு நாணம் இருக்கும்! அந்த நாணம் தீங்கற்றது என்றுதான் நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். ஒரு நிகழ்ச்சி என் எண்ணத்தை மாற்றியது.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பு, திண்டுக்கல் வட்டாரத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றில் நான் அறிவியல் கற்பித்து வந்தேன். பத்தாம் வகுப்பில் ஒரு மாணவி, படிப்பில் கெட்டிக்காரி, தொடர்ந்து ஒன்பது நாள் பள்ளிக்கு வரவில்லை. பத்தாம் நாள் அவள் தாயார் வந்தார். மேலுதட்டின்மீது சற்றே அடர்ந்திருந்த முடியைச் சுட்டி உடன் பயில்வோர் அவளைக் கேலி செய்தனராம். அவள் யாரிடமும் சொல்லாமல், முடி நீக்கும் பொடி ஒன்றைக் கடையில் வாங்கி, நீரில் குழைத்துப் பூசியிருக்கிறாள். சில நிமிடமே வைக்கவேண்டும் என்று பொட்டலத்தில் அச்சிட்டிருந்ததாம். நன்றாக வேலை செய்யட்டும் என்று அவள் அரைமணி நேரம் வைத்திருந்தாள். தோல் வெந்துவிட்டது.

நான் அவள் வீட்டுக்குச் சென்றேன். முந்தானையால் முகத்தை மறைத்தவாறு அவள் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "சார், இது எனக்கு மட்டுந்தான் இப்படி வருதா?"

அன்று அக்கேள்விக்கு என்னால் உடனே மறுமொழி கூற இயலவில்லை. ஏனெனில், வளரிளம் பருவத்தில் உடலில் நிகழும் மாறுதல்களைக் கூறும் பாடத்தை, "வீட்டில் படித்துக் கொள்ளுங்கள்" என்று சொல்லி நான் தாண்டிப் போயிருந்தேன். நாணியவள் அவள் மட்டும் அல்லள். ஆசிரியனாகிய நானும் நாணினேன். அவள் முகத்தில் விழுந்த தழும்பில் எனக்கும் பங்கு உண்டு. அன்று சொல்லாமல் விட்ட பாடத்தை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் முடி என்பது யாது? நம் தோலில் உள்ளங்கை, உள்ளங்கால், உதடு போன்ற சில இடங்கள் நீங்கலாக எங்கும் மயிர்க்கால்கள் உள்ளன. அவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ 50 இலட்சம். அவற்றுள் தலையில் இருப்பவை ஓர் இலட்சம் அளவே. மயிர்க்கால் என்பது தோலுக்குள் இறங்கிய சிறு கிணறு போன்றது. அக்கிணற்றின் அடியில் ஒரு குமிழ் உண்டு. அங்கே இரத்த ஓட்டம் உண்டு, உயிரணுக்கள் பெருகுகின்றன. பெருகிய அணுக்கள் மேலே தள்ளப்படும்போது கெரட்டின் என்னும் புரதத்தால் நிறைந்து இறந்துபோகின்றன. ஆகவே நாம் வெளியே காணும் முடி உயிரற்றது. அதனை வெட்டினால் வலிப்பதில்லை, பிடுங்கினால் வலிக்கிறது. ஏனெனில் கிணற்றைச் சுற்றி நரம்புகள் உள்ளன. அதன் பக்கத்திலேயே எண்ணெய்ச் சுரப்பி ஒன்றும், ஒரு சிறு தசையும் உண்டு. குளிரிலும் அச்சத்திலும் மயிர் சிலிர்ப்பது அத்தசை இழுப்பதனால்தான்.

மயிர்க்கால் எப்போதும் ஒரே சீராக உழைப்பதில்லை. நம் வட்டாரத்து மானாவாரி நிலத்தைப் போல் அதற்கு விளையும் பருவமும் உண்டு, தரிசுப் பருவமும் உண்டு. தலைமுடியின் வளரும் பருவம் இரண்டு முதல் ஆறு ஆண்டு வரை நீளும். மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்வதால் அது இடுப்பளவும் நீளக் காண்கிறோம். புருவம், கை, அக்குள் ஆகிய இடங்களில் வளரும் பருவம் சில வாரங்களோ சில மாதங்களோதான். அதனால் அம்முடி குட்டையாகவே நின்றுவிடுகிறது.

குழந்தையின் உடலெங்கும் இருப்பது மெல்லிய பூமுடி. வளரிளம் பருவம் வந்ததும் ஆண்ட்ரோசன் என்னும் சுரப்புப் பொருள்கள் இரத்தத்தில் மிகுகின்றன. இவை ஆணுக்கு மட்டும் உரியவை என்று எண்ணுவது தவறு. பெண் உடலிலும் குறைந்த அளவில் சுரக்கின்றன. இவற்றின் தூண்டுதலால் அக்குளிலும், மறைவிடத்திலும், கைகால்களிலும், சிலருக்கு மேலுதட்டிலும் பூமுடி கருத்துத் தடித்து வளர்கிறது. எவருக்கு எவ்வளவு வளரும் என்பதைப் பெரும்பாலும் பரம்பரையே வகுக்கிறது. ஒரே பெஞ்சில் அமர்ந்திருக்கும் இருவருக்கு இரண்டு விதமாக இருப்பதில் வியப்பொன்றும் இல்லை. ஆகவே அச்சிறுமியின் கேள்விக்கு விடை, "இல்லை அம்மா, எல்லோருக்கும் வருகிறது" என்பதே.

இனி, முடியை நீக்கும் முறைகளைக் காண்போம். எத்தனை பெயர் சொல்லினும் அவற்றுள் பெரும்பாலானவை மூன்று வகைக்குள் அடங்கும்: வெட்டுவது, கரைப்பது, பிடுங்குவது. இம்மூன்றும் புதியன அல்ல. சுசுருத சங்கிதை என்னும் பழைய மருத்துவ நூல், முடி அடர்ந்திருப்பதால் ஆறாத புண்ணைப் பற்றிச் சொல்லுமிடத்தில், கத்தி, கத்தரி, இடுக்கி ஆகியவற்றால் அம்முடியை நீக்கச் சொல்கிறது. சங்குச் சுண்ணமும் அரிதாரமும் கலந்த பூச்சு ஒன்றையும் கூறுகிறது. வெட்டுதல், பிடுங்குதல், கரைத்தல் மூன்றும் அங்கேயே உள்ளன. மேற்காசியக் குளியலறைகளிலும் சுண்ணாம்பும் அரிதாரமும் சேர்ந்த பூச்சு நெடுங்காலம் வழங்கியது. அரிதாரம் என்பது ஆர்செனிக்கும் கந்தகமும் சேர்ந்த நஞ்சு. பழமையானது என்பதனாலேயே ஒரு மருந்து தீங்கற்றது ஆகிவிடாது என்பதற்கு இஃது ஒரு சான்று.

கரைக்கும் முறையை விளக்குவதற்குத் திண்டுக்கல்லைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. பூட்டுக்கும் சுருட்டுக்கும் பெயர்பெற்ற இவ்வூர், தோல் பதனிடும் தொழிலுக்கும் பெயர்பெற்றது. ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் இங்கே மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். தோலை முதலில் நீரில் ஊறவைப்பார்கள். பின்னர்ச் சுண்ணாம்புத் தொட்டியில் இடுவார்கள். வெறுஞ்சுண்ணாம்பு முடியைத் தளர்த்தப் பல நாள் ஆகும். அதனோடு சோடியம் சல்பைடு சேர்த்தால் வேலை விரைவில் முடியும். பிறகு தோலை வளைந்த மரத்தின்மேல் போட்டு, கூரற்ற கத்தியால் வழித்தால் முடி கற்றையாக வந்துவிடும். அதன் பின்னரே ஆவாரம்பட்டையோ, மலையில் விளையும் வாட்டில் மரப்பட்டையோ கொண்டு பதனிடும் வேலை தொடங்கும்.

சல்பைடு ஏன் முடியைக் கரைக்கிறது? கெரட்டின் என்னும் புரதத்தின் இழைகளைக் கந்தகப் பிணைப்புகள் இணைத்து நிற்கின்றன. ஏணியின் இரு கால்களைப் படிகள் இணைப்பது போல. அப்படிகளைச் சல்பைடு அறுத்துவிடுகிறது. படி அறுந்த ஏணி சரிவது போல முடி குழைந்துவிடுகிறது. தோலின் உட்பகுதியோ கொலாசன் என்னும் வேறு புரதத்தால் ஆனது. அதில் அத்தகைய கந்தகப் பிணைப்பு இல்லை. ஆகவே முடி கரைந்தாலும் தோல் நிற்கிறது. செருப்பும் பையும் நமக்குக் கிடைக்கின்றன.

இங்கேதான் ஒன்றைக் கூர்ந்து நோக்கவேண்டும். தொழிற்சாலையில் முடியோடு சேர்ந்து வேறொன்றும் போய்விடுகிறது. அது தோலின் மெல்லிய மேற்படலம். ஏனெனில் மேற்படலமும் கெரட்டினால் ஆனதே. செத்த ஆட்டுக்கு மேற்படலம் வேண்டியதில்லை. தோல் வணிகருக்கும் வேண்டியதில்லை. உயிருள்ள நமக்கோ நம்மைக் காக்கும் அரணே அதுதான். கடைகளில் விற்கும் முடி நீக்கும் பொடிகளும் களிம்புகளும் தொழிற்சாலைச் சுண்ணாம்புத் தொட்டியின் நெருங்கிய உறவினர்கள். பொடிகள் சிலவற்றில் பேரியம் சல்பைடு உண்டு; களிம்புகளில் பெரும்பாலும் தயோகிளைகோலேட்டு என்னும் சற்று மென்மையான கந்தகச் சேர்மம் உண்டு. நம் தோலின் மேற்பரப்பு இலேசான புளிப்புத் தன்மையுடையது. இக்களிம்புகளோ சுண்ணாம்பைப் போன்ற கடுங்காரத் தன்மையுடையவை. முடி மெல்லியது, முதலில் கரைகிறது. குறித்த நேரம் கடந்தால் அடுத்துக் கரைவது நம் தோல். பொட்டலத்தில் அச்சிட்ட நிமிடக் கணக்கின் பொருள் இதுவே. அந்த மாணவிக்கு இவ்வளவு வேதியியல் மட்டும் தெரிந்திருந்தால் அவள் அரைமணி நேரம் காத்திருக்க மாட்டாள்.

இத்தொழிலின் கழிவுநீர் குடகனாற்றுப் படுகையின் கிணறுகளைக் கெடுத்த கதையும் உண்டு. 1996ஆம் ஆண்டு உச்சநீதி மன்றம் தமிழ்நாட்டுத் தோல் தொழிற்சாலைகளைக் குறித்து வழங்கிய தீர்ப்பில் திண்டுக்கல்லும் இடம்பெற்றது. 1948இல் தொடங்கப்பெற்று, சென்னை அடையாற்றில் இயங்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தார், சல்பைடுக்கு மாற்றாக நொதிகளைக் கொண்டு முடி நீக்கும் முறைகளை ஆராய்ந்து வந்துள்ளனர். அது தனியே ஒரு நாள் பேசத்தக்க பொருள்.

அடுத்து வெட்டும் முறை. இதனைக் காண மேற்கே 60 கிலோமீட்டர் சென்று பழனியை அடையவேண்டும். முடிகாணிக்கை செலுத்த வரும் மக்கள் கூட்டத்தை அங்கே நாள்தோறும் காணலாம். மழிக்கும் கத்தி மயிர்க்காலைத் தொடுவதில்லை; தோலின் மட்டத்தில் முடியை அறுக்கிறது, அவ்வளவே. ஆதலால் சில நாளில் முடி மீண்டும் தலைகாட்டுகிறது.

"வழித்தால் முடி தடித்து வளரும்" என்று வீடுதோறும் சொல்லக் கேட்கிறோம். இதனை அமெரிக்க உடற்கூற்று அறிஞர் மில்ட்ரெட் டிராட்டர் அம்மையார் ஆராய்ந்து, மழிப்பதனால் முடியின் நிறமோ தடிப்போ வேகமோ மாறுவதில்லை என்று 1928ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார். வளரும் முடியின் நுனி இயல்பாகக் கூராக இருக்கும். வெட்டியபின் முனை மொட்டையாகிறது. கைக்குச் சொரசொரப்பாகப் படுகிறது. கூராகச் சீவிய பென்சிலையும், நடுவே ஒடித்த பென்சிலையும் தடவிப் பார்த்தால் இவ்வேறுபாடு விளங்கும். உள்ளே குமிழுக்கு, வெளியே கத்தி வந்துபோன செய்தியே தெரியாது.

மழிப்பதில் உள்ள உண்மையான அபாயம் வேறு. கண்ணுக்குப் புலப்படாத சிறு கீறல்கள் ஏற்படுகின்றன. அவற்றின் வழியே கிருமிகள் நுழைகின்றன. ஒருவர் பயன்படுத்திய பிளேடை மற்றவர் பயன்படுத்தினால் இரத்தத்தின் வழியே பரவும் நோய்கள் தொற்றக்கூடும். மஞ்சள் காமாலை வகைகளுள் ஒன்றாகிய ஹெபடைடிஸ் பி கிருமி, உலர்ந்த இரத்தத்திலும் ஏழு நாள் வரை உயிர்த்திருக்க வல்லது. ஆகவே விடுதியில் தங்கிப் பயிலும் மாணவர்களே, நண்பனுக்குப் புத்தகம் கொடுங்கள், சட்டை கொடுங்கள், பிளேடு மட்டும் கொடாதீர்கள். அவனிடமிருந்து வாங்கவும் செய்யாதீர்கள். முடி திருத்தும் நிலையத்தில் புதிய பிளேடு போடுமாறு கேட்பது அத்தொழிலாளரை அவமதிப்பது ஆகாது. முற்காலத்தில் நம் ஊர்களில் முடி திருத்துவோரே புண்ணுக்குக் கட்டும் மருத்துவராகவும், அவர்தம் இல்லத்துப் பெண்டிரே பிள்ளைப்பேறு பார்க்கும் மருத்துவச்சியராகவும் விளங்கினர். அவர்கள் நம் உடலைத் தூய்மை செய்தார்கள். நாமோ அவர்களைத் தாழ்வாகக் கருதினோம். இக்குற்றத்தையும் இந்த இடத்தில் நினைவுகூர்தல் தகும்.

மூன்றாவது, பிடுங்கும் முறை. இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுப்பதும், நூலை முறுக்கிப் புருவத்தைத் திருத்துவதும் இதன்பாற்படும். இக்காலத்தில் அழகு நிலையங்களில் பெரிதும் வழங்கும் மெழுகு முறையும் இதன் வகையே. நகரங்களில் மட்டுமன்றிச் சிறு ஊர்களிலும் இது பரவியிருப்பதால் இதனைச் சற்று விரித்துரைக்கிறேன்.

மேற்காசியாவிலும் எகிப்திலும் பெண்கள் சர்க்கரையையும் எலுமிச்சைச் சாற்றையும் சிறிது நீரோடு காய்ச்சிப் பாகாக்கி முடி நீக்குவது நெடுநாள் வழக்கம். நம் வீடுகளில் அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும் பக்குவத்தை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். எலுமிச்சையின் புளிப்பு சர்க்கரையைப் பிரித்து, அது மீண்டும் படிகமாகாமல் இழுவையாக வைத்திருக்கிறது. மெழுகு முறையில் தேன்மெழுகோடும் பிற மெழுகுகளோடும் ஊசியிலை மரத்துப் பிசினைச் சேர்த்து உருக்குகிறார்கள். இளஞ்சூட்டில் தோலில் தடவ, அது முடியைச் சுற்றி இறுகுகிறது. துணிப்பட்டை ஒன்றை அழுத்தி, தோலை ஒரு கையால் இழுத்துப் பிடித்து, மறுகையால் முடி சாய்ந்திருக்கும் திசைக்கு எதிராகச் சட்டென்று உரித்தால், முடி வேரோடு வந்துவிடும். குமிழ் புதிதாக முடியை ஆக்கவேண்டியிருப்பதால் மீண்டும் வளர மூன்று முதல் ஆறு வாரம் ஆகும். இதுவே இம்முறையின் நன்மை.

தீமையும் உண்டு. தேன்மெழுகு உருகும் சூடு ஏறத்தாழ 62 முதல் 64 டிகிரி செல்சியசு. 60 டிகிரி வெந்நீர் தோலில் ஐந்து விநாடி பட்டாலே கடும் புண் உண்டாகும். மெழுகோ நீரைப் போல் வழிந்தோடாது; ஒட்டிக்கொண்டு நின்று சுடும். ஆகவே, உருக்கிய மெழுகை உடனே தடவாமல், ஆறி இழுவைப் பதத்துக்கு வந்தபின், முன்கையில் சிறிது வைத்துச் சூடு பார்த்தல் இன்றியமையாதது. பிசின் சிலருக்கு ஒவ்வாமையைத் தரும். உரிக்கும்போது மேற்படலமும் சிறிது உரியலாம். அறுந்த முடி தோலுக்குள்ளேயே வளைந்து வளர்ந்து கொப்புளமாகலாம். தடவிய கட்டையை மீண்டும் மெழுகுப் பாத்திரத்தில் இடுவது ஒருவர் கிருமியை மற்றவருக்கு வழங்குவதற்கு ஒப்பாகும். முகப்பருவுக்கு ஐசோடிரெட்டினாயின் போன்ற மருந்து உட்கொள்வோர் மெழுகுப் பக்கமே செல்லலாகாது. அவர்கள் தோல் மிக மெலிந்திருக்கும். நீரிழிவு உடையோரும், புண்ணோ சிரங்கோ உடையோரும் மருத்துவரைக் கேளாமல் செய்யலாகாது.

மறைவிடத்து முடியைப் பற்றியும் ஒரு சொல் சொல்லவேண்டும். அதனைச் சொல்லாமல் விட்டால் நான் மீண்டும் பாடத்தைத் தாண்டியவன் ஆவேன். அவ்விடத்துத் தோல் மெல்லியது, மடிப்பு மிகுந்தது, வியர்வை நிறைந்தது. அங்குள்ள முடி உராய்வைத் தணிக்கிறது. அம்முடி அழுக்கு அன்று. வளரிளம் பருவத்தில் அக்குளிலும் அவ்விடத்திலும் தனிவகை வியர்வைச் சுரப்பிகள் வேலை தொடங்குகின்றன; அவ்வியர்வையைக் கிருமிகள் சிதைப்பதால் மணம் தோன்றுகிறது. நாள்தோறும் நீராலும் மென்மையான சோப்பாலும் கழுவி, உலர்த்தி, தூய பருத்தி உள்ளாடை அணிந்தால் தூய்மைக்கு அது போதும். முடியை முற்றிலும் நீக்கினால்தான் தூய்மை என்பதற்கு மருத்துவத்தில் ஆதாரம் இல்லை. நீக்க விரும்புவோருக்குச் சிறு கத்தரியால் குறைத்துக்கொள்வதே தீங்கு குறைந்த வழி. களிம்பும் பொடியும் அவ்விடத்துக்கு உரியன அல்ல. மெழுகு முறையை வீட்டில் தாமே அங்கே செய்து பார்ப்பது பெரிதும் தவிர்க்கத் தக்கது. சுட்ட புண்ணும், கிழிந்த தோலும், அதன்பின் யாரிடமும் சொல்ல நாணி நாள் கடத்துவதுமே அதன் விளைவு.

மருத்துவ உலகமே இதில் தன் கருத்தை மாற்றிக்கொண்டது. அறுவை மருத்துவத்துக்கு முன்பும் பிள்ளைப்பேற்றுக்கு முன்பும் முடியைச் சுத்தமாக மழித்துவிடுவது மருத்துவமனைகளில் கண்டிப்பான வழக்கமாக இருந்தது. தாய்மார் பலர் அதனைக் கூச்சத்தோடு பொறுத்துக்கொண்டனர். மழிப்பதால் ஏற்படும் கீறல்களே கிருமிக்கு வாயிலாகின்றன என்று தெரிந்தபின், உலக சுகாதார நிறுவனம் 2016ஆம் ஆண்டு, அறுவைக்கு முன் முடியை நீக்கவேண்டாம், இன்றியமையாதபோது மயிர்வெட்டும் கருவியால் குறைத்தால் போதும், மழிக்கலாகாது என்று அறிவுறுத்தியது. 2018ஆம் ஆண்டு, இயல்பான பிள்ளைப்பேற்றுக்கு முன் வழக்கமாக மழிப்பது வேண்டாம் என்றும் பரிந்துரைத்தது. மருத்துவமனையே வேண்டாம் என்று விட்ட ஒன்றை நாம் தூய்மையின் பெயரால் கட்டாயமாக்கிக் கொள்ளவேண்டியதில்லை.

இவ்வாறு கூறுவதால் எவருடைய வழக்கத்தையும் நான் இகழ்ந்தேன் என்று கொள்ளலாகாது. இசுலாமிய மரபில் அக்குள், மறைவிட முடிகளை நீக்குதல் தூய்மைக் கடமைகளுள் ஒன்று. 40 நாளுக்கு மேல் விடலாகாது என்பது அம்மரபு. சீக்கிய மரபிலோ உடலின் முடியை நீக்காமல் காப்பதே கடமை. நம் பாட்டிமார் மஞ்சள் பூசிக் குளித்தனர். குப்பைமேனி இலையையும் மஞ்சளையும் அரைத்துப் பூசுவோரும் உண்டு. நம்பிக்கையால் செய்வதும் விருப்பத்தால் செய்வதும் அவரவர் உரிமை. கேலிக்கு அஞ்சிச் செய்வதே துன்பத்துக்கு வித்து.

அக்கேலி எங்கிருந்து வந்தது? அதற்கும் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் கிங் கேம்ப் கில்லெட் என்பவர் 1903ஆம் ஆண்டு பாதுகாப்புச் சவரக்கத்தியை விற்கத் தொடங்கினார். ஆடவரிடம் விற்பனை பெருகியபின், 1915ஆம் ஆண்டு பெண்களுக்கென்று ஒரு கத்தி வந்தது. கையில்லாச் சட்டை அணியும் பெண்ணின் அக்குளில் முடி இருப்பது அழகன்று என்று பத்திரிகைகளில் விளம்பரங்கள் எழுந்தன. முதலில் குறையை விற்றார்கள். பிறகு அக்குறைக்கு மருந்தை விற்றார்கள். இன்று கைப்பேசித் திரையில் ஒளிரும் வழவழப்பான உடல்களும் அவ்விளம்பரத்தின் பேரப்பிள்ளைகளே. அவற்றுள் பல, விளக்கொளியாலும் படத்தைத் திருத்துவதாலும் ஆனவை. அவற்றோடு தன்னுடலை ஒப்பிட்டு ஓர் இளைஞரோ இளம்பெண்ணோ கண்ணீர் விடுவது எவ்வளவு பெரிய ஏமாற்றம்!

இனி, நீங்கள் நினைவில் இருத்தவேண்டியவற்றைத் தொகுத்துச் சொல்கிறேன். முடியை நீக்குவது கட்டாயம் அன்று. நீக்குவது குற்றமும் அன்று. நீக்க எண்ணினால் தாயிடமோ, தமக்கையிடமோ, தந்தையிடமோ, மருத்துவரிடமோ சொல்லிவிட்டுச் செய்யுங்கள். புதிய பூச்சு எதுவாயினும் முதலில் கையில் ஒரு சிறு இடத்தில் தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். அச்சிட்ட நேரத்தை மீறாதீர்கள். பிளேடைப் பகிராதீர்கள். சுட்டுவிட்டால் மாவும் பற்பசையும் பூசாமல், குளிர்ந்த குழாய்நீரை 20 நிமிடம் ஓடவிட்டு, மருத்துவரிடம் செல்லுங்கள். பெண்பிள்ளைகளுக்கு முகவாயிலோ மார்பிலோ திடீரெனத் தடித்த முடி மிகுந்து, மாதவிலக்கும் ஒழுங்கு தவறினால், அது சுரப்பிகளின் மாறுபாட்டைக் காட்டும் அறிகுறியாக இருக்கலாம். அதனை மழித்து மறைக்காமல் மருத்துவரிடம் காட்டவேண்டும். அதற்கு மருத்துவம் உண்டு.

தலையை மழிப்பதனாலோ சடை வளர்ப்பதனாலோ ஒருவர் உயர்ந்தவர் ஆகிவிடுவதில்லை என்பது வள்ளுவர் காட்டிய நெறி. துறவிக்குச் சொன்ன அந்நெறி மாணவருக்கும் பொருந்தும். உதட்டின்மேல் முடி உள்ளதா இல்லையா என்பது ஒருவரை அளக்கும் கோல் அன்று.

அந்த மாணவியைப் பற்றிக் கேட்பீர்கள். சில வாரங்களில் புண் ஆறி அவள் பள்ளிக்குத் திரும்பினாள். அவள் வருவதற்கு முந்திய நாள், நான் தாண்டிப் போன பாடத்தை அவ்வகுப்புக்கு முதலிலிருந்து நடத்தினேன். பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. நான் நிறுத்தவில்லை. பத்து நிமிடத்தில் சிரிப்பு அடங்கியது. மணி அடித்த பிறகும் பலர் எழுந்து செல்லவில்லை. கேட்பதற்கு அவர்களிடம் கேள்விகள் இருந்தன. அவற்றுள் பாதி, அவள் என்னிடம் கேட்ட அதே கேள்விதான். ஒவ்வொருவரும் தமக்கு மட்டுமே என்று எண்ணி அத்தனை நாளும் அதனை உள்ளத்தில் வைத்திருந்தனர்.

மறுநாள் அவள் வந்து தன் இடத்தில் அமர்ந்தாள். அருகிலிருந்தவள் ஒன்றும் பேசாமல் தன் குறிப்பேட்டை அவள் பக்கம் நகர்த்தினாள். அவ்வாண்டு அவளை அவ்வகுப்பில் யாரும் கேலி செய்ததாக நான் கேள்விப்படவில்லை.